மாவுக்கட்டுக் கையும் மேகசினும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'போர்க்களத் தளபதிக்குப் பெரிதும் வேண்டியது திட்டமா, துணிவா?' நான் துணிவின் கட்சி.

எதிரணித் தலைவர் திட்டத்தைப் பற்றி நன்றாகவே பேசினார். போகட்டும். போகிற போக்கில் மேஜர் சோம்நாத் சர்மாவைத் தொட்டு, "தோட்டா அடுக்க மேஜர் எதற்கு? ஸ்டோர் கீப்பர் போதாதா?" என்றாரே, கைதட்டலும் வாங்கினாரே! அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் உட்காரப் போவதில்லை.

1947 நவம்பர் 3. ஸ்ரீநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பட்காம். நம் ராணுவத்தின் குமாவூன் படைப்பிரிவு, நான்காம் பட்டாலியனின் டி கம்பெனி. அதன் தலைவர் இந்த மேஜர். மூன்று பக்கமும் எதிரி, பாகிஸ்தான் பக்கமிருந்து காஷ்மீருக்குள் புகுந்த பழங்குடிப் படை. நம்மவர் ஒருவருக்கு ஏழு பேர். மேஜரின் இடது கையில் மாவுக்கட்டு. ஹாக்கியில் முறிந்த கை. ஓய்வெடுக்கச் சொன்னார்கள், கேட்கவில்லை.

அன்றைய பிரென் இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்கு 500 குண்டு வேகத்தில் சுடும். அதில் மாட்டும் தோட்டாக் கூடு, அதாவது மேகசின், 30 தோட்டா கொள்ளும். ஸ்பிரிங் தளராமலிருக்க 28தான் போடுவார்கள். விசையை விடாமல் அழுத்தினால் நாலு விநாடிகூடத் தாங்காது! நிரப்புவது மூட்டை அடுக்குகிற வேலையா? அதற்குரிய .303 ரகத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒன்றே ஒன்று பின்னால் போனால் சிக்கிக்கொள்ளும், துப்பாக்கி ஊமை. சுட ஒருவர், மேகசின் மாற்ற ஒருவர். இரண்டாமவர் விழுந்தால்? சுடுகிறவரே தோட்டாவும் அடுக்க வேண்டும். அதுவரை எதிரி காத்திருப்பானா?

அந்த இடத்தில்தான் மேஜர் வந்து உட்கார்ந்தார். ஸ்பிரிங்கை அழுத்தி, விளிம்பு பார்த்து, இரண்டு கை வேலையை ஒன்றரைக் கையால்! நிரப்பினார், கொண்டுபோய்க் கொடுத்தார். மறுபடி நிரப்பினார், மறுபடி கொடுத்தார். எதிரணி நண்பரே, உங்கள் ஸ்டோர் கீப்பர் கையெழுத்துக் கேட்பார். இவர் குண்டு மழையில் கடையைத் திறந்து வைத்திருந்தார்!

திட்டம் தெரியாதவரா? நம் விமானங்களுக்கு இலக்குக் காட்ட, வெட்டவெளியில் துணிப்பட்டைகளை விரித்ததும் அவரேதான்.

எதிரி 50 கஜத்தில். ஓர் அங்குலம்கூடப் பின்வாங்க மாட்டேன் என்று வயர்லெஸ்ஸில் செய்தி போனது. பிறகு ஒரு மோர்ட்டார் குண்டு, தோட்டாக் குவியலின் நடுவே. அவர் இருந்ததும் அங்கேதான்.

உடலை அடையாளம் காட்டியது கைத்துப்பாக்கியின் தோல் உறையும், சட்டைப்பையில் இருந்த கீதையின் சில தாள்களும். போர்க்கள வீரத்துக்கான உச்ச விருது, நாட்டின் முதல் பரம்வீர் சக்கரம், பிறகு வந்தது. வயது 24, ஐயா. இருபத்து நான்கு.

நடுவரே, கைதட்டல் வாங்க வந்தேன். இப்போது வேண்டாம்.