கோபுரம் இல்லாத ஓடுபாதை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலர் கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குக் காரில் போயிருப்பீர்கள். கேப் என்ற இடத்திலிருந்து மேலே ஏறும் பழைய சாலை மிகவும் குறுகல். அங்கே கதவு போட்டு, ஏறும் வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்கும் வண்டிகளுக்கு ஒரு நேரம் என்று முறை வைத்திருந்தார்கள். அந்தக் கதவு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் ஹாரன் கேட்கிறதா என்று காது கொடுப்பீர்கள்.

சுபாங், பாயான் லெப்பாஸ் விமான நிலையங்களிலும் அப்படி ஒரு கதவு உண்டு. அதுதான் கட்டுப்பாட்டுக் கோபுரம். இறங்கலாமா, காத்திருக்க வேண்டுமா என்று அங்கிருப்பவர் சொல்வார். ஆனால் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. கோபுரம் உள்ளவை 500 சொச்சம்தான். மற்ற இடங்களில் சிறு விமானங்களை ஓட்டுபவர்கள் ஒரு பொது அலைவரிசையில் தாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். நான் விமானம் ஓட்டக் கற்றது அப்படி ஓர் ஓடுபாதையில்தான்.

என் பயிற்றுநர் முதல் நாளே சொன்னார்: பேசத் தொடங்கும்போது விமான நிலையத்தின் பெயரைச் சொல், முடிக்கும்போதும் சொல். எதற்கு இரண்டு முறை என்று எனக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. 3,000 அடி உயரத்தில் இருந்தேன். காதில் ஒரு குரல்: இருபத்தேழாம் ஓடுபாதை, இறங்கப் போகிறேன். எங்கள் ஓடுபாதையின் எண்ணும் அதுதான். கழுத்து வலிக்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு விமானமும் இல்லை. பல ஊர்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. உயரத்தில் இருப்பவனுக்கு வெகு தூரத்திலிருந்தும் குரல் எட்டும். அந்த மனிதர் வேறு ஏதோ ஊரில் இறங்கிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெயர் சொல்லிப் பேசுவதைப் பற்றி நான் இத்தனை வற்புறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. 1996 நவம்பர் 19. இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரம். அங்கே கோபுரம் இல்லை. அந்தி நேரம். 12 பேரோடு ஒரு சிறு பயணிகள் விமானம் இறங்க வருகிறது. அதன் விமானிகள் தாங்கள் வருவதைப் பலமுறை அறிவித்தார்கள். அந்த ஓடுபாதையைக் குறுக்கே வெட்டும் இன்னொரு ஓடுபாதையின் முனையில் ஒரு கிங் ஏர் விமானம், அதற்குப் பின்னால் ஒரு சின்னச் செரோக்கி. வருகிறவர்கள் வானொலியில் கேட்டார்கள்: ஓடுபாதையில் நிற்கும் விமானமே, நீங்கள் காத்திருப்பீர்களா, கிளம்புகிறீர்களா?

பதில் வந்தது. பதில் சொன்னவர் கிங் ஏர் விமானி அல்லர், பின்னால் நின்ற செரோக்கியின் விமானி. அவர் பேசும் அதே நொடியில், இறங்கும் விமானத்துக்குள் உயரத்தைச் சொல்லும் இயந்திரக் குரல் 'இருநூறு' என்றது. பேச்சில் ஒரு பகுதி அமுங்கிப்போனது. மிச்சத்தில் கிங் ஏர் என்ற சொல் காதில் விழ, கிங் ஏர்தான் காத்திருக்கிறது என்று நம்பி நன்றி சொன்னார்கள். செரோக்கி விமானி திருத்தவில்லை. கிங் ஏரிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. அது கிளம்பிவிட்டது. இரண்டு ஓடுபாதைகளும் வெட்டும் இடத்தில் விமானங்கள் மோதின. இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

பயணிகள் விமானத்தில் இருந்தவர்கள் மோதலில் உயிர் தப்பியிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. ஓடி வந்து உதவியவர்களாலும் அதைத் திறக்க முடியவில்லை. தீயும் புகையும்தான் அவர்களைக் கொன்றன. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

விசாரணை முதற்காரணமாகச் சொன்னது, கிங் ஏரில் இருந்தவர்கள் அலைவரிசையைச் சரியாகக் கவனிக்கவில்லை, சுற்றிலும் சரியாகப் பார்க்கவில்லை என்பதை. கவனியுங்கள், முதலில் கேட்பது. விமானத்தில் உள்ள வானொலி என்றாலே பேசும் கருவி என்று நாம் நினைக்கிறோம். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது அவர் காது அடைபட்டுவிடுகிறது. இருவர் சேர்ந்து அழுத்தினால் ஒரு கீச்சொலிதான் மிஞ்சும். அதனால்தான் 'அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்' என்று பொதுவாக அறைகூவக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் யார் காதிலும் எதுவும் விழாது. யார், எங்கே, என்ன செய்யப் போகிறேன். இவ்வளவு போதும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். கண்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வானொலியே இல்லாத பழைய விமானங்களும் அந்த ஓடுபாதைகளுக்குச் சட்டப்படியே வரலாம். அவற்றைக் கண்ணால் மட்டுமே பிடிக்க முடியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போகும்போது, பக்கத்துச் சாலையில் வரும் லாரியைப் பாருங்கள். அது உங்கள் கண்ணாடியில் முன்னோ பின்னோ நகர்ந்துகொண்டிருந்தால் கவலையில்லை. ஒரே மூலையில் அப்படியே நின்றுகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தால், நீங்கள் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறீர்கள். வானத்திலும் அப்படித்தான். நகராத புள்ளி கண்ணில் எளிதில் படாது. பட்ட உடனே திரும்பிவிட வேண்டும், பேசுவதெல்லாம் பிறகு. வணக்கம்.