ஒரே நாள் ஆடியவர்களும் ஏட்டில் ஏறாதவர்களும்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பாலைப் பற்றி வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். அதனால் வானொலியிலிருந்தே தொடங்குகிறேன். 1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம். ஹெரால்ட் ஆர்லின் என்ற இளைஞர் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து, தொலைபேசிக் கருவி ஒன்றை மாற்றியமைத்துச் செய்த ஒலிவாங்கியில் பேசத் தொடங்கினார். கே.டி.கே.ஏ. நிலையம் அதை ஒலிபரப்பியது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 8-க்கு 5 என்று பிலடெல்பியா அணியை வென்றது. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் உச்சப் படியைத்தான் பெரிய லீக் என்கிறேன். பெரிய லீக் பேஸ்பால் ஆட்டத்துக்கு வானொலியில் செய்யப்பட்ட முதல் நேர்முக வர்ணனை அதுதான்.

இப்படிப்பட்ட முதல்கள் பேஸ்பாலில் ஏராளம். பேப் ரூத், ஹாங்க் ஆரோன் போன்ற பெரிய பெயர்களை நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. ஏட்டின் ஓரத்தில் ஒரு வரியாக நிற்பவர்களைப் பற்றி. அந்த ஒரு வரிகூடக் கிடைக்காமல் போனவர்களைப் பற்றியும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணியின் முறை. பந்து எறிபவர் பிட்சர். அவருக்கு எதிரே, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். மட்டைக்காரர் பந்தை அடித்துவிட்டு, பேஸ் எனப்படும் நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இவ்வளவு போதும்.

இந்த ஆட்டத்தில் யார் என்ன செய்தார் என்பதை ஒருவர் விடாமல் எழுதிவைக்கும் வழக்கம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அந்த வழக்கம் ஊன்றக் காரணமானவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தவர். கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர். கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையைப் பார்த்துப் பழகிய அவர், பேஸ்பாலுக்கும் அப்படி ஓர் அட்டவணையை வளர்த்தெடுத்தார். வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து உருவான முதல் தொழில்முறை அணி 1869இல் வந்த சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதை நடத்திய ஹாரி ரைட்டும் இங்கிலாந்தில் பிறந்தவர்தான், கிரிக்கெட் ஆடிச் சம்பாதித்தவர்தான். பேஸ்பால் ஏடுகளின் கையெழுத்தில் கிரிக்கெட்டின் சாயல் இருக்கிறது என்பது நமக்கெல்லாம் நெருக்கமான செய்தி.

அந்த அட்டவணை செய்த நன்மை என்னவென்றால், ஒரே ஒரு நாள் ஆடியவனையும் அது மறக்கவில்லை.

1963 செப்டம்பர் 29. ஹூஸ்டன் அணியில் ஜான் பச்சோரெக் என்ற 18 வயதுப் பையன் முதன்முறையாகக் களமிறங்கினான். எதிரணி நியூயார்க் மெட்ஸ். ஐந்து முறை மட்டை பிடித்தான். மூன்று முறை அடித்துப் பேஸுக்கு ஓடினான். இரண்டு முறை பிட்சர் தவறாக எறிந்ததால் முதல் பேஸ் தானாகக் கிடைத்தது. நான்கு ரன்கள் எடுத்தான், அவன் அடித்ததால் அணிக்கு மூன்று ரன்கள் கிடைத்தன. ஒருமுறைகூட அவுட் இல்லை. அதன் பிறகு முதுகுவலி, அறுவைச் சிகிச்சை. பெரிய லீக்குக்கு அவன் திரும்பவே இல்லை. அவன் கணக்கு அந்த ஒரு நாளோடு நின்றது. அடித்த சராசரி நூற்றுக்கு நூறு. ஒரே ஆட்டத்தோடு வாழ்க்கை முடிந்தவர்களில் மூன்று முறை அடித்து, ஒருமுறையும் தவறாதவர் வேறு யாரும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர்கள் இருக்கும் அதே ஏட்டில் பச்சோரெக்கும் இருக்கிறார். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இன்னொருவர் ஜோயல் யங்பிளட். 1982 ஆகஸ்ட் 4 பகலில் அவர் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக சிகாகோவில் ஆடினார். ஃபெர்குசன் ஜென்கின்ஸ் எறிந்த பந்தை அடித்துத் தன் அணிக்கு இரண்டு ரன்கள் சேர்த்தார். ஆட்டத்தின் நடுவிலேயே அவரைக் கூப்பிட்டு, உன்னை மான்ட்ரியால் அணிக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். மான்ட்ரியால் அணி அன்று இரவு பிலடெல்பியாவில் ஆடுகிறது. விமானம் பிடித்தார், போய்ச் சேர்ந்தார், இடையில் களமிறங்கினார், ஸ்டீவ் கார்ல்டன் பந்தை அடித்தார். ஒரே நாளில், இரண்டு ஊர்களில், இரண்டு அணிகளுக்காக அடித்த முதல் ஆள். ஜென்கின்ஸும் கார்ல்டனும் பின்னாளில் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கான புகழ் மன்றத்தில் இடம் பெற்ற மாபெரும் பிட்சர்கள். அலைச்சலும் களைப்புமாக வந்த மனிதர் அப்படிப்பட்ட இருவரையும் அன்று சமாளித்தார்.

இதையும் தாண்டிய ஒன்று 2024இல் நடந்தது. ஜூன் 26 அன்று பாஸ்டன் நகரில் டொரன்டோவுக்கும் பாஸ்டனுக்கும் ஆட்டம். டொரன்டோவின் டானி ஜான்சன் மட்டை பிடித்து நிற்கும்போது மழை வந்து ஆட்டம் நின்றுபோனது. அடுத்த மாதமே ஜான்சன் பாஸ்டன் அணிக்கு மாறினார். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் ஆகஸ்ட் 26 அன்று தொடர்ந்தது. ஜான்சன் விட்டுச்சென்ற மட்டையைப் பிடிக்க டொரன்டோ வேறொருவரை அனுப்பியது. அவருக்குப் பின்னால் கேட்சராகக் குந்தியிருந்தவர் யார்? அதே ஜான்சன். பெரிய லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் ஆடிய முதல் ஆள் அவர்தான்.

மிக நீண்ட ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1981 ஏப்ரல் 18 இரவு, ரோட் ஐலண்டில் உள்ள பாடக்கெட் என்ற ஊர். பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள லீக் அது. பாடக்கெட்டும் ரோசெஸ்டரும் ஆடுகின்றன. நேரக் கட்டுப்பாடு பற்றிய விதி, நடுவர்கள் கையில் இருந்த விதிப்புத்தகத்தில் விடுபட்டிருந்ததாம். அதனால் நிறுத்த வழியில்லை. கடுங்குளிரில் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். விடிகாலை 4 மணி தாண்டி, 32 இன்னிங்ஸ் முடிந்து, 2-க்கு 2 என்று நிறுத்தியபோது அரங்கில் மிஞ்சியிருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூன் 23 அன்று தொடர்ந்தபோது 18 நிமிடத்தில், 33ஆவது இன்னிங்ஸில் பாடக்கெட் வென்றது. பின்னாளில் புகழின் உச்சிக்குப் போன வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் அந்த ஆட்டத்தில் இருந்தார்கள். ஆனால் என் மனம் டாலஸ் வில்லியம்ஸ் பக்கம்தான் போகிறது. ரோசெஸ்டர் அணிக்காரர். அந்த ஓர் ஆட்டத்தில் அவர் கணக்கு 13-க்கு 0, அதாவது 13 முறை முயன்றும் பேஸுக்கு ஓட ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை. தோல்வியின் சாதனைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் மட்டை பிடித்திருக்கிறார் அல்லவா?

சரி, ஏடு எல்லாரையும் நினைவில் வைத்துக்கொள்கிறதா? அங்கேதான் எனக்கு ஆதங்கம்.

ஹார்வி ஹேடிக்ஸைப் பாருங்கள். 27 மட்டைக்காரர்கள் வரிசையாக வந்து, ஒருவர்கூட முதல் பேஸைத் தொடாமல் திரும்பினால் அதைப் பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள். பெரிய லீக்கின் ஒரு பிரிவான நேஷனல் லீக்கில் 1880 ஜூன் மாதம் ஐந்தே நாள் இடைவெளியில் லீ ரிச்மண்ட், ஜான் வார்டு என்ற இருவர் இதைச் செய்தார்கள். அடுத்தது அந்த லீக்கில் 1964இல்தான் என்று ஏடு சொல்கிறது. ஆனால் நடுவில் 1959 மே 26 இருக்கிறது. மில்வாக்கி நகரம். பிட்ஸ்பர்க் அணியின் ஹேடிக்ஸ் உடல்நலம் சரியில்லாமல் எறிய வந்தார். முந்தைய இரண்டு ஆண்டுகளும் நேஷனல் லீக்கை வென்ற அணி எதிரே. ஒன்பது இன்னிங்ஸ், 27 பேர், அத்தனை பேரும் அவுட். ஆனால் அவருடைய அணியும் ரன் எடுக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஆட்டம் நீண்டது. 36 பேர் வந்தார்கள், 36 பேரும் அவுட். அதற்கு முன்னும் பின்னும் பெரிய லீக்கில் ஒரே ஆட்டத்தில் யாரும் எட்டாத எல்லை. 13ஆவது இன்னிங்ஸில் தன் அணித்தோழர் டான் ஹோக் தவறாக எறிந்த ஒரு பந்தால் முதல் ஆள் பேஸுக்கு வந்தார். பிறகு ஜோ அட்காக் அடித்தார். ஹேடிக்ஸ் 1-க்கு 0 என்று தோற்றார். எதிரணி பிட்சர் லூ பர்டெட் 12 முறை அடிவாங்கியும் ஒரு ரன் கொடுக்காமல் ஜெயித்தார். பிட்ஸ்பர்க் கேட்சரின் விரல் சைகைகளைத் தங்கள் ஆட்கள் தொலைநோக்கியால் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததாக மில்வாக்கி அணியின் பாப் பூல் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அடுத்து என்ன பந்து வரும் என்று தெரிந்தும் அவர்களால் 12 இன்னிங்ஸுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

1991இல் பெரிய லீக்கின் குழு ஒன்று கூடியது. ஆட்டம் முடியும்வரை ஓர் அடிகூடக் கொடுக்காதிருந்தால்தான் கணக்கு என்று வரையறுத்தது. பிட்சர் அடியே கொடுக்காத ஆட்டங்களின் பட்டியலிலிருந்து 50 ஆட்டங்கள் நீங்கின. ஹேடிக்ஸின் ஆட்டமும் நீங்கியது. விதி தெளிவாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 27 பேரை வீழ்த்தியவர் பட்டியலில் இருக்க, 36 பேரை வீழ்த்தியவர் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது ஒருவருக்கு நேர்ந்தது. ஒரு மக்கள் கூட்டத்துக்கே நேர்ந்தது இன்னும் கொடியது. பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் யார் என்று கேட்டால் ஜாக்கி ராபின்சன், 1947 என்பார்கள். அவர் உடைத்தது பூட்டிய கதவை. ஆனால் அந்தக் கதவு பூட்டப்படுவதற்கு முன்னால் உள்ளே இருந்தவர் ஒருவர் உண்டு: மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர். 1884இல் டொலிடோ அணியின் கேட்சர், 42 ஆட்டங்கள். அவருடைய அணியின் பிட்சர் டோனி முல்லேன், ஒரு கறுப்பர் காட்டும் சைகைப்படி எறிய மாட்டேன் என்று தன் விருப்பப்படி எறிந்தவர். என்ன வருகிறது என்றே தெரியாமல் அந்தப் பந்துகளை வாக்கர் பிடித்தார். அந்தக் காலத்துக் கேட்சருக்கு இன்றைய கவசங்களும் இல்லை. தான் கண்ட கேட்சர்களில் மிகச் சிறந்தவர் வாக்கர் என்று அதே முல்லேன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக் என்ற சிறிய லீக் இனிக் கறுப்பினத்தவருக்கு ஒப்பந்தம் இல்லை என்று வாக்களித்தது. எழுதாத சட்டமாக அது எங்கும் பரவியது. வாக்கருக்கும் ராபின்சனுக்கும் இடையே 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

வாக்கருக்கும் முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார். 1879 ஜூன் 21 அன்று பிராவிடன்ஸ் அணியில் ஒருவருக்குக் காயம். பிரவுன் பல்கலைக்கழக மாணவர் வில்லியம் எட்வர்ட் வைட்டை அழைத்து ஆடவைத்தார்கள். ஒரே ஆட்டம், ஒரே அடி, அவ்வளவுதான். அவர் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வெள்ளைக்காரருக்கும், அவர் அடிமையாக வைத்திருந்த ஹன்னா என்ற பெண்ணுக்கும் பிறந்த மகன் என்பதை இந்த நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களிலிருந்து கண்டெடுத்தார்கள். அவர் வெள்ளையராகவே வாழ்ந்தவர். ஆகவே முதல்வர் அவரா வாக்கரா என்ற விவாதம் உண்டு. நான் வாக்கர் பக்கம். இன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்து, வசவை வாங்கிக்கொண்டு ஆடியவர் அவர்.

கதவு பூட்டியிருந்த காலத்தில் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று லீக்குகள் நடத்தினார்கள். அங்கே ஜாஷ் கிப்சன் என்ற கேட்சர் இருந்தார். 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்கியது அதே ஆண்டு ஏப்ரலில். மூன்றே மாதம். 2024 மே மாதத்தில்தான் 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளின் கணக்கைப் பெரிய லீக் தன் ஏட்டில் சேர்த்தது. ஒரே நாளில் ஏட்டின் முதல் வரி மாறியது. வாழ்நாள் சராசரியில், ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 367 அடி என்ற கணக்கில் காலங்காலமாக முதலிடத்தில் இருந்த டை காப் இறங்கி, 372 என்று கிப்சன் ஏறினார். ஒரு பருவத்தின் சராசரியிலும், 1943இல் அவர் எடுத்த 466தான் இப்போது முதலிடம்.

ஆட்டங்கள் குறைவு, அந்த எண்களை ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டங்களைக் குறைத்தது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த லீக்குகளின் ஸ்கோர் அட்டைகள் பல, கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளில்தான் அச்சாயின. எல்லா ஆட்டங்களுக்கும் இன்னும் அட்டை கிடைக்கவில்லை. பழைய இதழ்களைப் புரட்டி ஆய்வாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக ஓர் அட்டை கிடைத்தால் கிப்சனின் 372 கூடலாம், குறையலாம். அப்படி மாறும் நாளில் அந்தச் செய்தியையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வணக்கம்.