காதில் வெட்டு உள்ள நாய்

(சென்னைப் புறநகரில் நடந்த குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு அம்மா என்னை நிறுத்திவிட்டார். "நாய்க்குப் பரிஞ்சு பேச வந்த டாக்டர் நீங்கதானா?" என்று கேட்டார். பக்கத்தில் அவருடைய பையன், ஏழெட்டு வயது இருக்கும். அவனுடைய கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றிக் காட்டினார். கெண்டைக்காலில் நான்கு பல் தடம், ஆறிக்கொண்டிருந்தது. டியூஷன் முடிந்து வரும்போது கடித்ததாம். ஊசியெல்லாம் போட்டாயிற்று. ஆனால் அன்றிலிருந்து பையன் அந்தத் தெரு வழியாகத் தனியாகப் போகவே மாட்டேன் என்கிறானாம்.

நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பையன் மறுபடியும் அந்தத் தெருவில் பயமில்லாமல் நடக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்பதைப் பேசுகிறேன்.

முதலில் கடியைப் பற்றி. கடித்தவுடன் என்ன செய்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். காபித்தூள் வைத்து அமுக்கினார்களாம். காபித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம் இருக்கிறது. தயவுசெய்து எதையும் வைக்காதீர்கள். குழாயைத் திறந்து, சாதாரணக் குளியல் சோப்பைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் கிருமிக்கு வெளியே ஒரு கொழுப்புறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது 15 நிமிடம் ரொம்ப நீளமாகத் தெரியும். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில், தோலுக்குள் போடுகிறார்கள்: முதல் ஊசி அன்றைக்கே, அப்புறம் அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். அதை வாய்விட்டுக் கேளுங்கள். காயம் ஆறிவிட்டதே என்று கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு நம் நாட்டில்.

சரி, இப்போது உங்கள் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். "இவ்வளவு ஆபத்து என்றால் எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டியதுதானே?"

இந்த நகரம் அதைச் செய்து பார்த்த நகரம். சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலை 1860-இல், வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியதாக புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு பதிவு செய்திருக்கிறது. 1996 வரை அது நடந்தது. உங்களில் வயதானவர்களுக்கு நாய் வண்டி நினைவிருக்கும். சுருக்குக் கம்பியால் கழுத்தைப் பிடித்து வண்டிக்குள் எறிவார்கள். கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை. கொல்ல வேண்டிய எண்ணிக்கைதான் ஏறிக்கொண்டே போனது. 1970-களின் தொடக்கத்தில் நாய்த்தோல் அவ்வளவு குவிந்ததால், அதில் மனிதர்கள் கழுத்தில் கட்டும் டையும் பணப்பையும் செய்யலாமா என்று தோல் ஆராய்ச்சி நிறுவனமே வடிவமைத்துப் பார்த்ததாக அதே பதிவுகள் சொல்கின்றன. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய் வரை கொன்றிருக்கிறார்கள். எனக்கு இந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். இத்தனை உயிர் போயும் அதே நகரத்தில் மனிதர்கள் வெறிநாய்க்கடியில் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏன் குறையவில்லை? உங்கள் தெருமுனைக் கோழிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் பின்னால் கழிவு மூட்டை கிடக்கிறது. அதை நம்பி ஐந்து நாய் இருக்கிறது. நாய்க்கு வட்டாரம் உண்டு. அந்த ஐந்தும் அடுத்த தெரு நாயை உள்ளே விடாது. ராத்திரி நீங்கள் தூக்கம் கெட்டுக் கேட்கிற சண்டை பாதி அந்த எல்லைச் சண்டைதான். ஐந்தையும் தூக்கிவிட்டீர்கள். மூட்டை அப்படியே கிடக்கிறது. பத்து நாளில் பக்கத்துத் தெருவிலிருந்து, ஏரிக்கரையிலிருந்து, வேறு நாய்கள் வந்து சேரும். அவற்றுக்கு உங்களைத் தெரியாது, உங்கள் பிள்ளையைத் தெரியாது. தடுப்பூசி போட்டதா என்று யாருக்கும் தெரியாது. இடம் பிடிக்கிற சண்டை வேறு. பெட்டை நாய் பிறந்து ஏழெட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், 63 நாளில் குட்டி போடும், ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூட உண்டு. காலியான இடம் நிரம்ப எத்தனை நாள் ஆகும்?

கொல்ல வேண்டாம், காப்பகத்தில் அடைக்கலாம் என்பார்கள். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு அப்படித்தான் உத்தரவிட்டது. 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் திரும்ப விடக் கூடாது என்று நவம்பரில் தனியாக ஓர் உத்தரவு வந்தது. சட்டம் அது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். நூறு நாயை ஒரு கொட்டகையில் அடைத்தால் ஒரு மாதத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்று நோய் புகுந்துவிடும். அடைத்தவை சாகும், வெளியே புது நாய் வரும்.

அப்படியானால் எது வேலை செய்திருக்கிறது? ஜெய்ப்பூரில் ஹெல்ப் இன் சஃபரிங் என்ற அமைப்பு தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் வேலையை 1994-இல் ஆரம்பித்தது. எட்டு ஆண்டில், எடுத்துக்கொண்ட பகுதியில் பெட்டை நாய்களில் 65 சதவீதத்துக்குக் கருத்தடை. நாய்கள் 28 சதவீதம் குறைந்தன. அந்தப் பகுதியில் ரேபிஸ் சாவு இல்லாமல் போனது. கடியும் குறைந்தது. காரணம் எளிது, குட்டி போட்ட தாய்தான் அதிகம் கடிக்கும். குட்டி இல்லையென்றால் அந்தக் கோபம் இல்லை. கோவாவில் தெருத்தெருவாகப் போய், வலையில் பிடித்து ஊசி போட்டு அந்த இடத்திலேயே விட்டார்கள். எந்த நாய்க்கு எங்கே போட்டோம் என்பதைக் கைபேசிச் செயலியில் பதிந்தார்கள். நூற்றுக்கு 70 நாய் என்பது அவர்கள் குறி. மனிதச் சாவு பூஜ்ஜியத்துக்கு வந்தது. 2021-இல் கோவா அரசு மாநிலத்தை ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவித்தது. பூட்டான் 2009-இல் தொடங்கி, 2023-இல் தெருவில் திரியும் நாய் அனைத்துக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துவிட்டதாக அறிவித்தது. ஒன்றரை லட்சம் நாய், அதுவும் மலை நாட்டில்.

சென்னையும் பின்தங்கிய ஊர் இல்லை. விமானி கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், 1960-களிலேயே கருத்தடைதான் வழி என்று சொன்னது. மாநகராட்சி காதில் போட்டுக்கொள்ள 1996 ஆயிற்று. பிறகு ரேபிஸ் சாவு பெரிய அளவில் குறைந்தது. ஆனால் 2024 கணக்கெடுப்பில் நகரில் சுமார் 1.8 லட்சம் நாய். கருத்தடை ஆனது கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேதான்.

என்ன தப்பு நடந்தது? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாம் புகார் கொடுத்தால் வண்டி வருகிறது. இந்தத் தெருவில் ரெண்டு நாய், நாலு கிலோமீட்டர் தள்ளி ஒன்று என்று பிடிக்கிறார்கள். கையில் சிக்குவது சாதுவான நாய், பெரும்பாலும் ஆண் நாய். ஓடி ஒளிகிற பெட்டை சிக்காது. பத்து நாயில் மூன்றுக்குச் செய்தால், மீதி ஏழும் ஒரே ஆண்டில் அந்த மூன்றின் கணக்கை அழித்துவிடும். வருடம் முழுக்க அறுவை நடக்கும், பணமும் செலவாகும், தெரு மட்டும் அப்படியே இருக்கும். ஒரு தெருவை எடுத்தால் அந்தத் தெருவை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசிப் பெட்டை வரைக்கும்.

அந்தக் கடைசிப் பெட்டையை யார் பிடிப்பார்கள்? ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு குடியிருப்பில் செவலை நிறத்தில் ஒரு நாய். மூன்று முறை வண்டி வந்தும் சிக்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டாலே கால்வாய்க்குள் போய்விடும். அங்கே தினமும் சோறு வைக்கும் ஒரு பாட்டி இருந்தார். குடியிருப்பில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. அவரால்தான் நாய் பெருகுகிறது என்று கோபம். அவரிடம் போய்க் கேட்டேன். மறுநாள் காலை ஐந்தரை மணி. வண்டியைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போனோம். பாட்டி எவர்சில்வர் கிண்ணத்தைத் தரையில் வைத்து இரண்டு தட்டு தட்டினார். செவலை வந்தது. சாப்பிடும்போது கழுத்தைத் தடவிக்கொண்டே பட்டையை மாட்டிவிட்டார். "ஒண்ணும் ஆகாதுடி, போய்ட்டு வா" என்றார். வலை இல்லை, கம்பி இல்லை, ஒரு குரைப்பு இல்லை.

அறுவைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. விலாவில் இரண்டு விரற்கடை வெட்டு, அவ்வளவுதான். மயக்கத்தில் இருக்கும்போதே ரேபிஸ் ஊசி, காது நுனியில் சின்ன வெட்டு. தூரத்திலிருந்து பார்த்தாலே அறுவை ஆன நாய் என்று தெரிவதற்கு அந்த வெட்டு. ஐந்தாம் நாள் தையல் ஆறியதைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் கூண்டைத் திறந்தேன். குதித்து இறங்கி, உடம்பை உதறி, நேரே பாட்டி வீட்டு வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த ஐந்து நாளைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத மையங்களும் உண்டு. தையல் பிரிந்து, சீழ் பிடித்துத் திரும்பிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வலியில் செத்துப்போகும். அதைப் பார்த்த தெருக்காரர்கள் அடுத்த முறை வண்டியை உள்ளே விட மாட்டார்கள். ஆகவே உங்கள் தெரு நாயைக் கொண்டுபோகும் இடத்துக்கு நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். கூண்டு கழுவியிருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோறு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூட வாசலிலும் மாடிப்படி ஓரத்திலும் வைக்காதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடம், ஒரே நேரம், சாப்பிட்டதும் சுத்தம். கோழிக்கடைக்காரர் மூடி போட்ட டிரம் வாங்க வேண்டும். அதைச் சங்கம் அவரிடம் பேச வேண்டும். வீட்டில் வளர்க்கும் பெட்டைக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். குட்டியைக் கொண்டுபோய் மார்க்கெட் ஓரம் விடுகிற பழக்கத்தை எத்தனை வண்டி வந்தாலும் ஈடுகட்ட முடியாது.

உங்கள் பகுதியில் 11 தெரு என்று செயலாளர் சொன்னார். கால்சட்டையைத் தூக்கிக் காட்டிய தம்பி, உன் தெருவிலிருந்து ஆரம்பிப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கத்து டீக்கடையில் இருப்பேன். சோறு வைப்பவர்கள் இரண்டு பேர், புகார் கொடுத்தவர்கள் இரண்டு பேர், ஒரு நோட்டு. எத்தனை நாய், ஆணா பெண்ணா, காதில் வெட்டு உண்டா இல்லையா என்று எண்ணிக்கொண்டே நடப்போம். வருகிறவர்கள் வெளியே போகும்போது பெயரும் தெருவும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.