"ரெண்டு கிழமையில முடியும் தங்கச்சி"யாம்!

வணக்கம் உறவுகளே! கல்லடி வீட்டுக்குப் புதுக் குசினி கட்டுற வீடியோ எங்க எண்டு கொமெண்டில குவிச்சிருக்கீங்க. கேளுங்க, மேசன் அண்ணர் திரும்பவும் "ரெண்டு கிழமையில முடியும் தங்கச்சி" எண்டுட்டார். அந்த வசனத்தக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது.

இந்தமுறை விடல்ல. ஒவ்வொரு வேலைக்கும் மூண்டு கணக்குக் கேட்டன். எல்லாம் சரிவந்தா எத்தின நாள், வழமையா எத்தின, எல்லாம் பிழைச்சா எத்தின? முதல் ரெண்டையும் டக்கெண்டு சொன்னார். மூண்டாவதுக்கு "அபசகுனமாக் கதைக்காத பிள்ள" எண்டு எழும்பிட்டார். பிளேன்டீ ஊத்தி, முறுக்கு வெச்சு, திரும்ப இருத்தினன். அப்பதான் வாய் திறந்தார்: "ஒரு பதினாலு நாள்". அவர்ர வாயாலயே! அந்த இடத்த ஸ்லோமோஷன்ல ஒருக்காப் போடுறன், பாருங்க.

அத்திவாரமும் சுவரும் 4, 6, 14. வழமையான நாள நாலால பெருக்கி, மற்ற ரெண்டையும் கூட்டி, ஆறால பிரிங்க: 7 நாள். கூரை 3, 5, 13, அது 6. பூச்சு 4, 5, 12, அதுவும் 6. மொத்தம் 19. அவர்ர வழமைய மட்டும் கூட்டினாலும் 16 வருதே, இந்த ரெண்டு கிழமை எங்கால வந்த?

இதுக்குப் பேர் பெர்ட். 1958இல அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு உருவாக்கினது. எனக்குக் குசினி.

19 நாளுக்குள்ள முடிய வாய்ப்பு அரைவாசிதான். அதால, கூடின நாளில குறைஞ்சத கழிச்சு ஆறால பிரிச்சு, மூண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தன்: 2.7. மொத்தக் கணக்கு வழமையா இவ்வளவு நாள் முன்னப் பின்ன ஆகலாம். அதில ரெண்டு மடங்க 19ஓட சேத்தா 25 நாள், அதுக்குள்ள அநேகமா முடிஞ்சிரும்.

ஆ, கதவு செய்யிற ஓடாவிய விட்டுட்டன்! பூச்சு தொடங்கக் கூரையும் முடியணும், அவர்ர கதவு நிலையும் வரணும். ரெண்டும் நேரத்துக்கு வர தனித்தனியாப் பாதி வாய்ப்பெண்டா, சேந்து வர நாலில ஒண்டுதான்.

எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்: ஒரு வேலை பிந்தினா மற்றதுக்குப் பாதிப்பில்ல எண்டு இந்தக் கணக்கு நினைக்குது. மாரி மழைக்கு அது தெரியுமா? கிடங்கில தண்ணி நிண்டா கூரையும் பிந்தும், பூச்சும் காயாது. எல்லாம் சேந்து பிந்தினா, வர்க்கமாக்காம அந்த மூண்டையும் அப்பிடியே கூட்டோணும்: 2.7 இல்ல, 4.7. அப்ப 29 நாள்.

அதால கார்த்திகையில பால் காய்ச்ச நாள் வைக்கேலாது எண்டு மாமிக்குச் சொல்லிட்டன். நாளைக்கு ஓடாவிட்டயும் மூண்டு கணக்கு வாங்கப் போறன், கமராவோட. மனிசன் போனே எடுக்கிறார் இல்ல.