எல்லோருக்கும் ஒரே அளவு கரண்டா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது எவ்வளவு கொடுக்கணும், எந்தப் பக்கத்திலிருந்து கொடுக்கணும் என்று கணினியில் கணக்குப் போடுகிற வேலை. நம்ம பக்கம் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. பெரும்பாலும் எக்ஸ்ரே கதிர்தான், ஆற்றல் மட்டும் பல மடங்கு.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை இல்லாமல் கதிர் கொடுத்தால் வழக்கமான அளவு 70 கிரே; கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு. தினம் 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஆக 7 வாரம். பென்னாகரத்துக்காரருக்கும் அதே 70, பாலக்கோட்டுக்காரருக்கும் அதே 70. ஆனால் ஒருவருக்குக் கட்டி கரைந்துவிடுகிறது, இன்னொருவருக்கு அசைந்தே கொடுப்பதில்லை. கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் அந்தச் செல்கள் கதிரைத் தாங்கிக்கொள்ளும். மரபணுக்களும் ஆளுக்கு ஆள் வேறு. 10 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, ஒரே அளவு கதிர் யாருக்கு எவ்வளவு வேலை செய்யும் என்று கணிக்கும் முறை ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள்.

இப்படி ஆளுக்கு ஏற்ற மாதிரி கதிர் அளவை முடிவு செய்வதை டாக்டர் மட்டும் செய்ய முடியாது, நான் மட்டும் செய்யவும் முடியாது. உயிரியல் படித்தவர், புள்ளியியல் படித்தவர், கணினி ஆட்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்காரணும், உட்கார்ந்தாலும் முதலில் பேச்சே புரியாது. 'சென்சிட்டிவிட்டி' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியல்காரருக்கு அது செல் எவ்வளவு சுலபமாகக் கதிருக்குச் சாகும் என்பது. புள்ளியியல்காரருக்கோ, நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை ஒரு பரிசோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது. ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அப்புறம்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தோம்.

மெஷின் பக்கத்தில் நிற்கிற டெக்னாலஜிஸ்டையும் அந்த மேஜைக்குக் கூப்பிடணும் என்பேன். நோயாளியைத் தினமும் பார்ப்பவர் அவர்தான். கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்தின் அளவுக்கே செய்த முகமூடி ஒன்றைப் போடுவோம். சாப்பிட முடியாமல் உடம்பு இளைத்து அந்த முகமூடி தளர்ந்தால், நாங்கள் போட்ட கணக்கே இடம் மாறிப்போகும். அதை முதலில் கவனிப்பது அவர் கண்தான்.

அப்புறம் பஸ். இங்கிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ 7 வாரம் போய்வருவது லேசான காரியமில்லை. நடுவில் நாள் விட்டுப்போனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும். ஆளுக்கேற்ற சிகிச்சை என்று சொல்லிவிட்டு மரபணுவை மட்டும் பார்த்தால் போதுமா? தங்க இடமும் பஸ் காசும் ஏற்பாடு செய்கிற சமூகப் பணியாளரும் அந்தக் குழுவில் இருக்கணும்.

இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன்: முகமூடி லொடலொடவென்று இருந்தாலோ, நாளைக்கு வர முடியாது என்றாலோ, தயங்காமல் அன்றைக்கே சிகிச்சை எடுக்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். கணக்கைத் திரும்பப் போட எங்களால் முடியும்.