வால்பாறை ஒரு நாள் ட்ரிப்: 40 வளைவு, கருகுற பிரேக்

வணக்கம் மக்களே! ஆழியார்-வால்பாறை ரோடு எனக்கு எவ்வளவு பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனாலதான் இந்தக் கோபம். லீவு நாள் சாயங்காலம் ஆழியார் செக்போஸ்ட் பக்கம் நின்னு பாருங்க, பிரேக் கருகுன வாடை மூக்கைத் துளைக்குது. வீல்ல புகை வருது, உடனே ஒருத்தர் தண்ணியை எடுத்து அதுமேல ஊத்துறாரு. ஊத்தாதீங்க! கொதிக்கிற பிரேக் டிஸ்க்ல பச்சைத் தண்ணி பட்டா டிஸ்க் கோணிக்கும், விரிசலும் விடும். ஓரமா நிறுத்தி, டயருக்குக் கல்லு முட்டுக் கொடுத்து, அரை மணி நேரம் காத்தாட விடுங்க. ஹேண்ட்பிரேக்கை இழுக்காம கியர்ல விட்டு வைங்க.

இப்ப முதல்ல இருந்து வரேன். பொள்ளாச்சியில இருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான். ஆனா ரெண்டரை மணி நேரம் வச்சுக்கோங்க. காலையில ஆறு மணிக்கெல்லாம் பொள்ளாச்சியை விட்டுடணும். டேங்கை அங்கேயே நிரப்பிருங்க. ஆழியார் தாண்டி ஏற ஆரம்பிச்சா 9வது வளைவுல லோம்ஸ் வியூ பாயின்ட். கீழ ஆழியார் அணை மொத்தமும் தெரியும். வரையாடு ரோட்டோரச் சுவத்துமேலயே நிக்கும், தீனி மட்டும் போடாதீங்க.

ஆங், இ-பாஸ் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க! 2025 நவம்பர் 1-ல இருந்து வால்பாறைக்கும் வேணும். வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி, அவ்வளவுதான். காசு கிடையாது. வீட்டுலயே எடுத்துட்டு வாங்க, செக்போஸ்ட்ல நின்னு போனைத் தடவாதீங்க, பின்னாடி க்யூ நிக்குது.

வால்பாறைக்குக் கொஞ்சம் முன்னாடி புதுத்தோட்டம். சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, கூட்டமா ரோட்டைக் கடக்கும். மேல மரத்துக்கு மரம் பட்டையா ஒண்ணு தொங்குதே, அது பழைய தீயணைப்புக் குழாய்ல கட்டுன பாலம், அதுங்களுக்காகவே கட்டுனது. அந்த இடத்துல 20-ஐத் தாண்டாதீங்க. மதியச் சாப்பாட்டை முடிச்சிட்டு சோலையாறு அணை போகலாம். முழு மட்டம் 160 அடி. தென்மேற்கு மழையில அணை நிறையுற ஆகஸ்ட், செப்டம்பர்தான் என் ஓட்டு. ஏப்ரல்ல போனா கரையெல்லாம் செம்மண்ணுதான்.

சரி, இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். வளைவுல ரெண்டு, ரொம்ப நெருக்கமா இருந்தா ஒண்ணு. ஆட்டோமேட்டிக்னா டி-யிலயே விட்டுட்டு வராதீங்க, எல் (லோ கியர்) இல்லைனா மேனுவல் மோடு போடுங்க. இன்ஜின் கத்துதேன்னு பயம் வேண்டாம், அதுதான் வண்டியைப் பிடிச்சு நிறுத்துது. பிரேக்கை வளைவுக்கு முன்னாடி அழுத்தி, வேகத்தைக் குறைச்சு, விட்டுடணும். கால் அதுமேலயே கிடந்தா சூடேறி பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி கட்டிக்கும். அப்புறம் பெடல் மெத்துமெத்துன்னு உள்ள போகும், வண்டி நிக்காது. டாட்-3 ரக பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரி வரைக்கும் தாங்கும். ஈரம் இழுத்து பழசாச்சுன்னா 140-லயே கொதிச்சிடும். அதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றது.

நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு கமென்ட்ல எழுதுற அண்ணன்களே, கேளுங்க: பெட்ரோலை கம்ப்யூட்டர் அளந்து பீச்சுற இன்ஜெக்‌ஷன் வண்டி கியர்ல இறங்கும்போது, ஆக்சிலரேட்டர்ல கால் இல்லைன்னா பெட்ரோலை சுத்தமா நிறுத்திடும். நியூட்ரல்லதான் இன்ஜின் ஓட பெட்ரோல் செலவாகும். இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு இறங்குறவங்களுக்கு பிரேக்கை லேசாக்குற பூஸ்டரும் இல்லை, ஸ்டியரிங்கும் இறுகிக்கும்.

மேல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி. பஸ் வந்தா வளைவுக்கு முன்னாடியே நின்னுடுங்க, அவருக்கு ரோடு முழுசும் வேணும். சாயங்காலம் நாலு மணிக்கு வால்பாறையை விட்டுக் கிளம்புங்க. கம்பத்துல சிவப்பு விளக்கு மினுக்குனா பக்கத்துல யானை இருக்குன்னு அர்த்தம், அங்க கீழ இறங்கி போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க.