ஒட்டினால்தான் கழிச்சல்: பன்றிக்குட்டிகளின் குடலில் ஈ.கோலை

[காட்சி: ஈனும் கொட்டில். வெப்ப விளக்கின் கீழ் இரண்டு நாள் குட்டிகள். மூன்று மட்டும் ஈர வாலோடு ஒதுங்கிக் கிடக்கின்றன.]

நேற்று மாலை மடியை முட்டி மோதிப் பால் குடித்த குட்டிகள், இன்று காலையில் கண் குழிந்து, தோல் சுருங்கி, மஞ்சள் நிறத்தில் தண்ணீராகக் கழிந்துகொண்டிருப்பதைப் பார்க்காத பன்றி வளர்ப்போர் குறைவு. ரோட்டா வைரஸ், காக்சிடியா ஒட்டுண்ணி எனக் காரணங்கள் வேறும் உண்டு. ஆயினும் பிறந்த முதல் சில நாள்களில் வரும் கழிச்சலுக்கு முதலில் ஐயப்பட வேண்டியது ஈ.கோலை என்னும் பாக்டீரியாவைத்தான்.

ஈ.கோலை நலமான பன்றியின் குடலிலும் வாழ்வது. அதன் பெரும்பாலான வகைகளால் கேடில்லை. கேடு செய்யும் வகைக்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிழைகள். மற்றொன்று, பற்றிய இடத்தில் சுரக்கும் நச்சு. இவற்றுக்கான மரபணுக்கள், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடிய பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. வில்லியம்ஸ் ஸ்மித், லிங்குட் ஆகிய இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1971-இல் வெளியிட்ட சோதனைகளில், இவ்வளையங்களைத் தனித்தனியே நீக்கியும் சேர்த்தும் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கடும் கழிச்சலுக்கு இரண்டுமே தேவை என்பது தெளிவாயிற்று. ஒட்ட முடியாத பாக்டீரியா குடலின் அசைவோடு வெளியேறிவிடுகிறது.

[காட்சி: குடல் செல்லின் வரைபடம். நச்சு நுழைந்ததும் குளோரைடு வெளியேறுகிறது, பின்னாலேயே தண்ணீர்.]

காலரா நச்சின் நெருங்கிய உறவான ஒரு நச்சும், வெப்பம் தாங்கும் சிறு நச்சுகளும் ஈ.கோலை சுரப்பவற்றில் உண்டு. இவை செல்லைக் கொல்வதில்லை. உப்பையும் நீரையும் உள்ளிழுக்க வேண்டிய செல்லை, அவற்றை வெளியே கொட்டும்படி மாற்றிவிடுகின்றன. குட்டி இறப்பது பெரும்பாலும் நீரிழப்பால்தான். செல் உயிரோடிருப்பதால், குளுக்கோஸோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி அப்போதும் திறந்தே இருக்கிறது. குளுக்கோஸும் உப்பும் கரைத்த நீர் வேலை செய்வதன் காரணம் இதுவே.

கழிச்சல் எந்த வயதில் வருகிறது என்பதையும் இந்தப் பிடிமானமே பெரிதும் தீர்மானிக்கிறது. எஃப்5, எஃப்6 என்னும் நுண்ணிழைகள் குடற்சுவரைப் பற்றுவது குட்டி வளர வளரக் குறைந்துவிடுகிறது. எஃப்18 பற்றும் இடங்களோ பிறந்த குட்டியிடம் இல்லை. சில வாரங்களுக்குப் பின்பே உருவாகின்றன. முன்பு கே88 என்று அழைக்கப்பட்ட எஃப்4 மட்டும் இரு பருவத்திலும் பற்றும். ஆகவே, தாயிடமிருந்து பிரித்தபின் வரும் கழிச்சலில் எஃப்4, எஃப்18 ஆகிய இரண்டையே தேட வேண்டும்.

பன்றியின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. சீம்பாலை நம்பியே குட்டி பிறக்கிறது. அப்புரதங்களை முழுதாக இரத்தத்தில் ஏற்கும் வாயில் ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்துக்குள் மூடிவிடும். பின்னர் வரும் பாலிலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் குடலிலேயே தங்கி, நுண்ணிழைகள் சுவரைத் தொடாதபடி மறிக்கின்றன. அதனால்தான் தடுப்பூசி குட்டிக்கன்றிச் சினைப்பன்றிக்குப் போடப்படுகிறது. தடுப்பூசி போட்டுவிட்டு, குட்டியைக் குளிரில் விடுவது வீண். பிறந்த குட்டிக்கு ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். குளிர்ந்த குட்டி சீம்பாலைச் சரிவரக் குடிக்காது, குடல் அசைவும் தளர்ந்து பாக்டீரியாவுக்கு ஒட்ட நேரம் கிடைக்கும்.

[காட்சி: இரத்தம் கலந்த கழிச்சலின் அண்மைக் காட்சி.]

முதல் மூன்று நாள்களில் கழிச்சலில் இரத்தம் தெரிந்தால், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியாவின் சி வகையை நினைக்க வேண்டும். அதன் பீட்டா நச்சு குடற்சுவரையே அழுகச் செய்யும். இந்நச்சை டிரிப்சின் என்னும் செரிமான நொதி சிதைத்துவிடும். ஆனால் எதிர்ப்புப் புரதங்கள் செரித்துப் போகாமல் காக்கும் டிரிப்சின் தடுப்பானும் சீம்பாலில் இருப்பதால், காக்க வந்த பொருளே நச்சையும் காத்துவிடுகிறது. சால்மோனெல்லா, லாசோனியா, பன்றிச் சீதபேதியை உண்டாக்கும் பிராக்கிஸ்பைரா ஆகிய பாக்டீரியாக்கள் தருபவை பெரும்பாலும் தாயைப் பிரிந்து வளரும் பன்றிகளின் நோய்கள். அவற்றுக்குத் தனி வீடியோ வேண்டும்.

கே88 ஒட்டவே முடியாத குடலோடு பிறக்கும் பன்றிகளும் உண்டு என்பதை 1975-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினர். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பற்று இடமில்லாத தாயின் குடலில் அப்பாக்டீரியா தங்காததால், அதன் சீம்பாலில் உரிய எதிர்ப்பும் குறைவாகவே இருக்கும். பற்று இடமுள்ள ஆண்பன்றியோடு அது சேர்ந்தால், பிறக்கும் குட்டிகள் பாதுகாப்பின்றி நிற்கும்.

தாயைப் பிரித்தவுடன் வரும் கழிச்சலுக்கு, ஐரோப்பியப் பண்ணைகள் நெடுங்காலம் ஒரு கிலோ தீவனத்தில் 2,500 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கும்படி துத்தநாக ஆக்சைடைக் கலந்தன. மண்ணில் துத்தநாகம் சேர்வதும் மருந்தெதிர்ப்பு பெருகுவதும் கருதி, ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் இந்த மருந்தளவுப் பயன்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மற்றொரு வழக்கமான மருந்து, பாக்டீரியாவைக் கொல்லும் கொலிஸ்டின். அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, பிளாஸ்மிட் ஒன்றில் ஏறி, சீனாவில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் பரவியிருப்பது 2015-இல் தெரிய வந்தது. மற்ற மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குத் தரும் கடைசி மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். இந்தியா 2019-இல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் தருவதைத் தடை செய்தது.

[காட்சி: மருத்துவர் குட்டியின் மலவாயிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுக்கிறார்.]

மாதிரியை, இன்னும் மருந்து கொடுக்காத, அப்போதுதான் கழியத் தொடங்கிய குட்டியிடமிருந்து எடுக்க வேண்டும். ஆய்வகம் ‘ஈ.கோலை வளர்ந்தது’ என்று மட்டும் எழுதித் தந்தால் அது விடையாகாது. நலமான குட்டியிடமும் அது வளரும். எந்த நுண்ணிழை, எந்த நச்சு என்று, மரபணுக்களைத் தேடிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை வழியே கேட்டு வாங்குங்கள். அடுத்த ஈற்றுக்கு எந்தத் தடுப்பூசி பொருந்தும் என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.